பகலுக்கு ஓர் இடம்

காலை பத்து மணிக்கு அந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது குறட்டை. ஒன்றிரண்டு பேருடையதல்ல. உச்ச ஸ்தாயியில் ஒன்று, அடிவயிற்றிலிருந்து இன்னொன்று, நடுநடுவே யாரோ இருமுகிறார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் அவென்யூவில் உள்ள புனித போனிஃபஸ் தேவாலயம் அது. ஜெர்மானியக் குடியேறிகளின் கோயில். 1906 பூகம்பத்தில் அழிந்து, திரும்பக் கட்டப்பட்டது. கண் உள்ளிருட்டுக்குப் பழகியதும் பார்த்தால், மேலே வண்ண ஓவியங்கள், கீழே மரப் பெஞ்சுகளில் வரிசை வரிசையாக மனிதர்கள் நீட்டிப் படுத்திருக்கிறார்கள். பெஞ்சுக்கு அடியில் ஷூக்கள், சக்கரம் கழன்ற ஒரு சூட்கேஸ், வாயை முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகள்.

பின்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு பெஞ்சுகள் தூங்குகிறவர்களுக்கு. முன்பக்கம் ஒரு பங்கு ஜெபிக்க வருகிறவர்களுக்கு. மதியம் பூசை நடக்கும்போதும் பின்னால் இருந்தவர்களை எழுப்பவில்லை. பிரசங்கத்தின்போது சபையில் நாலு பேர் தூங்குவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே அது அனுமதியோடு நடந்தது.

நான் போனது 2019 ஜூலையில். ஃப்ரீமாண்டில் இருக்கும் தங்கை மகன் வீட்டில் தங்கியிருந்தேன். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் நம்மவர்களுக்கு ஒரு வழக்கமான சுற்று உண்டு. கோல்டன் கேட் பாலம், அதன் முன் போட்டோ, நாபா, யோசெமிட்டி, லிவர்மோர் கோயில், அப்புறம் காஸ்ட்கோ. அதையெல்லாம் முடித்தாயிற்று. "மாமா, செவ்வாய்க்கிழமை நான் ஒரு இடத்துக்குப் போவேன். நீங்களும் வர்றீங்களா? கொஞ்சம் நாத்தம் இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டான். அவன் கம்பெனி, சம்பளத்தோடு வருடத்துக்குச் சில நாட்கள் தொண்டு செய்ய விடுப்பு தருகிறது. அதை அவன் செவ்வாய்க்கிழமைகளாக உடைத்து எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு பகல் மையத்தில், வீடில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் உதவி. போகிற வழியில்தான் இந்தத் தேவாலயத்தையும் காட்டினான்.

உள்ளே நடந்த ஏற்பாட்டுக்குக் குப்பியோ திட்டம் என்று பெயர். 2004இல் அப்போதைய பங்குத் தந்தை லூயிஸ் விட்டாலேயும் ஷெல்லி ரோடர் என்ற சமூகச் செயற்பாட்டாளரும் சேர்ந்து தொடங்கியது. விட்டாலே விமானப் படையிலிருந்து பிரான்சிஸ்கன் துறவியானவர். நெவாடா பாலைவனத்து அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்து மறியல் செய்து நூற்றுக்கணக்கான முறை கைதானவர். குப்பியோ இத்தாலியில் ஓர் ஊர். அந்த ஊரை ஓர் ஓநாய் மிரட்டி வந்தது என்றும், அசிசியின் புனித பிரான்சிஸ் அதனிடம் பேசி, ஊரார் அதற்குத் தினமும் சோறு போடுவது, அது யாரையும் தொடாமல் இருப்பது என்று உடன்படிக்கை செய்துவைத்தார் என்றும் கதை. சான்ஃபிரான்சிஸ்கோ என்ற பெயரே அந்தப் புனிதருடையதுதான். ஓநாய்க்குப் பசி, ஊருக்குப் பயம். கதையில் அவர் இரண்டுக்கும் சேர்த்துத்தான் வழி பண்ணுகிறார்.

வாசலில் யாரும் பெயர் கேட்கவில்லை. கையெழுத்து வாங்கும் நோட்டு கிடையாது. ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு மேல் வந்து போன இடத்தில் விண்ணப்பப் படிவமே இல்லை என்பது, ரேஷன் கடை முதல் ஆதார் மையம் வரை பார்த்துப் பழகிய எனக்கு நம்ப முடியாத விஷயம். கதவருகே கம்பளிகள் அடுக்கியிருந்தன. ஒரு பெண் பெஞ்சுகளுக்கு இடையே மெதுவாக முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தாள். வேண்டுதலோ என்று நினைத்தேன். ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு நொடி நின்று, படுத்திருப்பவரின் மார்பைப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். போர்வை அசைகிறதா, மூச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அசையவில்லை என்றால் இடுப்புப் பையில் நார்கான் இருக்கிறது. போதைமருந்து அளவு மீறி மூச்சு அடங்கினவர்களின் மூக்கில் அடிக்கும் மருந்து. அந்த ஒரு வருடத்தில் மட்டும் இந்த நகரத்தில் 441 பேர் அப்படிச் செத்தார்கள். தனியாக ஒரு சந்தில் தூங்குவதற்கும் இங்கே தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம் கூரை மட்டுமல்ல, அந்தப் பெண்ணின் நடையும்தான்.

ஆனால் ஏன் காலையில்? காலை ஆறு மணிக்குத் திறந்து பிற்பகலில் மூடிவிடுகிற இடத்தில் தூங்க என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகுதான் மற்றவை எனக்கு விளங்கின.

வீடில்லாதவர்கள் என்றாலே நாம் இரவைத்தான் யோசிக்கிறோம். இந்த ஊரில் பகல்தான் பெரும் பாடு. இரவுக்கு மட்டும் இடம் தரும் காப்பகங்கள் விடிந்ததும் வெளியே அனுப்பிவிடும். தெருவில் படுப்பவர்கள், பெண்கள் முக்கியமாக, இரவெல்லாம் கண் மூடுவதில்லை. பையை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டே இருப்பார்கள். நின்றால் ஆபத்து. விடிந்ததும் அசந்துபோய் உட்காரலாம் என்றால் அதற்கும் சட்டம் இருக்கிறது. 2010 நவம்பரில் நகரத்து வாக்காளர்களே நிறைவேற்றியது: காலை ஏழு மணி முதல் இரவு பதினொன்று வரை நடைபாதையில் உட்காரக் கூடாது, படுக்கக் கூடாது. பதினாறு மணி நேரம். இதை எல்லா நாளும் எல்லாத் தெருவிலும் போலீஸ் நடைமுறைப்படுத்துவதில்லை. இந்தத் தேவாலயம் இருக்கும் டெண்டர்லாயின் பகுதியில் நடந்தாலே தெரியும். ஆனால் யாரை, எப்போது எழுப்பலாம் என்பது அவர்கள் கையில் இருக்கிறது.

நம் சென்னையில் பிராட்வே, சௌகார்பேட்டைப் பக்கம் நடைபாதையில் வாழும் குடும்பங்களை நினைத்துப் பார்த்தேன். விடிந்தால் அடுப்பை அணைத்து, சட்டிபானையைக் கோணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். மூட்டை தூக்க, மீன் விற்க, வீட்டு வேலை செய்ய. அங்கே பகலுக்கு ஒரு வேலை இருக்கிறது. தெருவும் சொந்தக்காரர்கள் நிறைந்த தெரு. இங்கே பெரும்பாலும் ஒற்றை ஆட்கள். பகல் முழுவதும் அவர்கள் போக வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. போகக் கூடாத இடங்கள்தான் நிறைய.

சிவிக் சென்டர் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால் ஐக்கிய நாடுகள் சதுக்கம். ஐ.நா. சாசனம் 1945இல் கையெழுத்தானது இங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு கட்டடத்தில்தான். எதிரே நகர மன்றம். அதன் தங்க முலாம் பூசிய கும்மட்டம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கும்மட்டத்தைவிட உயரம் என்று எல்லா வழிகாட்டிகளும் மறக்காமல் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே நகர மைய நூலகம். காலையில் அது திறப்பதற்கு முன்பே வாசலில் வரிசை நிற்கிறது. அத்தனை பேருமா படிக்க வருகிறார்கள்? சூடான அறை, கழிப்பறை, மின் இணைப்பு, உட்கார நாற்காலி. உட்காரலாம், தூங்கக் கூடாது. 2009இல் இந்த நூலகம் ஒரு முழுநேரச் சமூகப் பணியாளரை வேலைக்கு அமர்த்தியது. அமெரிக்காவிலேயே அப்படிச் செய்த முதல் நூலகம் இதுதான். தெருவில் வாழ்ந்து மீண்டவர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். மாடி மாடியாக நடந்து, எங்கே குளிக்கலாம், எங்கே சாப்பாடு என்று காதோடு சொல்லிவிட்டுப் போவது அவர்கள் வேலை. அந்தக் காலையில் நான் நூலகத்தின் மாடியேறி அரை மணி நேரம் உட்கார்ந்தேன். என் எதிரே இருந்தவர் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே தூங்கினார். பத்திரிகையின் பக்கம் மட்டும் அவ்வப்போது திரும்பியது.

தங்கை மகன் போகும் பகல் மையம் அங்கிருந்து நடக்கும் தூரம். இன்னொரு தேவாலயத்தின் அடித்தளம். சம்பளம் வாங்கும் ஊழியர்கள் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள், மற்றதெல்லாம் தன்னார்வலர்கள். ஒருங்கிணைப்பாளர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு கறுப்பின அம்மா. அவரே ஒரு காலத்தில் இங்கே காபி வரிசையில் நின்றவர் என்பதைப் பிறகு யாரோ சொன்னார்கள். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தனை நாள் ஊரில் இருப்பீர்கள்?" என்றுதான் முதல் கேள்வி. சில வாரங்கள் என்றேன். "அப்படியானால் யாரிடமும் எதற்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். எப்படித் தெருவுக்கு வந்தீர்கள் என்று கேட்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், அடுத்த முறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்." அவ்வளவுதான் பயிற்சி. கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். நன்கொடையாக வந்த காலுறைகள். ஜோடி சேர்க்க வேண்டும்.

இந்த ஊரில் வீடில்லாதவர்கள் அதிகம் கேட்பது காலுறை என்று நான் ஊகித்திருக்கவே மாட்டேன். காரணம், வாரத்தில் ஒரு நாள் நடக்கும் கால் பராமரிப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஓய்வுபெற்ற பிலிப்பினோ நர்ஸ் ஒருவர் அதை நடத்துகிறார். பிளாஸ்டிக் தொட்டிகளில் வெந்நீர், உப்பு, சோப்பு. ஷூவைக் கழற்றவே பலர் தயங்குகிறார்கள். கழற்றி வைத்தால் காணாமல் போகும் என்ற பயத்தில் நாட்கணக்கில் கழற்றாதவர்கள். ஈரத்திலேயே ஊறிய பாதம் வெளுத்துச் சுருங்கி, தோல் தனியே பிரிந்து வருகிறது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களுக்கு வந்த அதே நோய்தான். நர்ஸ் ஒரு தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரின் குதிகாலைத் தன் மடியில் துண்டு விரித்து வைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே பேஸ்பால் பேசுகிறார். நகம் வெட்டுகிறார். புண் இருந்தால் மருந்திட்டு, எந்த கிளினிக்குக்கு எப்போது போக வேண்டும் என்று அவர்கள் கையிலேயே பேனாவால் எழுதிவிடுகிறார், காகிதம் தொலைந்துபோகும். கடைசியில் நான் ஜோடி சேர்த்த காலுறை. ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒரு காலையில் எத்தனை பேருக்குத்தான் செய்ய முடியும்? ஏழோ எட்டோ. நன்கொடையாளர்களுக்கு அறிக்கை அனுப்பும்போது இந்த எண்ணிக்கை எவ்வளவு சிறியதாகத் தெரியும் என்று யோசித்தேன்.

தங்கை மகனின் மேசை மறுகோடியில். அவன் அங்கே சொல்லிக்கொடுப்பது கம்ப்யூட்டர் அல்ல, மறந்த கடவுச்சொல்லை மீட்பது. அன்று வந்தவர் ஐம்பதைத் தாண்டிய, கூரை வேலை செய்த ஒருவர். போன் திருட்டுப் போய்விட்டது. தெருவில் இருப்பவர்களுக்கு அது அடிக்கடி நடப்பது. புது போன், புது எண். மின்னஞ்சலைத் திறக்கக் கடவுச்சொல் போட்டால், பழைய எண்ணுக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்கிறது திரை. பழைய எண் எங்கோ ஒரு திருடன் கையில். மின்னஞ்சல் திறக்காமல் அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பது கஷ்டம். அடையாள அட்டை இல்லாமல் வேலையும் வீட்டு வரிசையும் கிடையாது. தங்கை மகன் அலுவலகத்தில் பார்க்கிற வேலையே இந்த மாதிரிப் பூட்டுகளைச் செய்வதுதான். "நாங்க யோசிச்சதெல்லாம் ஒரே போன், ஒரே நம்பர், ஒரே வீடுன்னு இருக்கிறவங்களை வச்சுத்தான் மாமா" என்றான் தமிழில், தலையைத் தூக்காமல்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வேறு வழியில் மீட்க முடியுமா என்று தேடியதில், பல வருடங்களுக்கு முன் மாற்று முகவரியாக ஒரு மின்னஞ்சலைக் கொடுத்திருப்பது தெரிந்தது. சாக்ரமெண்டோவில் இருக்கும் அவர் அக்காவுடையது. அக்காவோடு பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. அவர் எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தார். இன்னொரு காபியும் குடித்தார். பிறகு மையத்தின் போனிலிருந்து கூப்பிட்டார். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை; ஆறு எண்களை ஒவ்வொன்றாக அவர் திருப்பிச் சொன்னது கேட்டது. எண் வந்த பிறகும் போனை வைக்கவில்லை. பெட்டி திறந்தது. ஆயிரக்கணக்கில் படிக்காத கடிதங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு வீட்டுத் திட்டத்திலிருந்து, பத்து நாட்களுக்குள் பதில் தரச் சொல்லி வந்த கடிதம். அந்தப் பத்து நாள் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. தங்கை மகனின் முகம் செத்துப்போனது. அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சரி, அடுத்தது என்ன?" என்றார். இருவரும் சேர்ந்து அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அடிக்க உட்கார்ந்தார்கள்.

இந்த மையத்தில் என்னை மிகவும் சிரிக்க வைத்தது எழுத்து வகுப்பு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நடத்துவது. தலைப்புக் கொடுப்பார், பதினைந்து நிமிடம் எழுதுவார்கள், விருப்பமிருந்தால் வாசிப்பார்கள். நான் உட்கார்ந்திருந்த நாளில் தலைப்பு 'காலைச் சாப்பாடு'. தெற்கு மாநிலத்திலிருந்து வந்த ஒருவர் தன் பாட்டி கிளறும் மக்காச்சோளக் கஞ்சியைப் பற்றி எழுதி, அதில் சர்க்கரை போடுகிறவன் மனிதனே இல்லை என்று முடித்தார். பிடித்துக்கொண்டது சண்டை. நம் வீடுகளில் உப்புமாவுக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்கிறவர்களுக்கும் ஊறுகாய்க்காரர்களுக்கும் நடக்கும் சண்டைக்கு ஒரு குறைவும் இல்லை. வெண்ணெய் எப்போது போட வேண்டும், எவ்வளவு நேரம் கிளற வேண்டும், சீஸ் போடலாமா. அதுவரை சுவரோரம் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து கிளறும் பதத்தைக் கையாலேயே செய்து காட்டினாள். அந்த அறையில் ஒருவருக்கும் அடுப்பு கிடையாது.

அந்த மையத்தில் எழுத்து வகுப்பையோ சதுரங்கத்தையோ வேலை வாய்ப்புக்கான படி என்று யாரும் விளக்கவில்லை என்பது எனக்குப் பிடித்தது. இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் 'இதனால் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள்' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் எழுத்து வகுப்பிடம் கேட்க முடியாது. வீட்டுக்கு வழி செய்ய வேண்டியது நகராட்சி. வரிசையில் நிற்கும் வருடங்களில் பகல் என்ற ஒன்றைத் தாண்ட வேண்டுமே, அதற்குத்தான் இது. 2019 ஜனவரியில் ஓர் இரவு நகராட்சி எடுத்த கணக்கில் இந்த நகரத்தில் வீடில்லாதவர்கள் 8,000க்குச் சற்று மேல். அவர்களில் 5,000க்கும் அதிகமானோருக்குக் காப்பகமும் இல்லை. அந்த இரவில் தெருத் தெருவாக நடந்து தலை எண்ணியவர்களில் பலரும் தன்னார்வலர்கள்தான்.

சதுரங்கத்தைச் சொன்னேன். மையத்தில் ஜன்னலோர மேசை எப்போதும் ஒரு பெரியவருடையது. மார்க்கெட் தெருவில் ஐந்தாவது, ஆறாவது தெருக்களின் பக்கம் முப்பது வருடங்களுக்கு மேலாக நடைபாதைச் சதுரங்கம் நடந்துவந்தது. வங்கி அதிகாரியும் வீடில்லாதவரும் எதிரெதிரே உட்கார்ந்த மேசைகள். 2013 செப்டம்பரில் போலீஸ் மேசை நாற்காலிகளை எடுத்துப் போனது; சூதாட்டத்துக்கும் போதை வியாபாரத்துக்கும் மறைவாகிவிட்டது என்று காரணம். அங்கே ஆடியவர் இவர். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் நிமிர்ந்தார். "ஆனந்த்!" என்றார். பாலத்தையும் கூகுளையும் பற்றி யாராவது பேசினால் காது கொடுக்காதவர், சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "எங்கள் மேசையை எடுத்துக்கொண்டு போன அதே வருடம்தான் கார்ல்சன் உங்கள் ஊருக்கே வந்து ஆனந்தைத் தோற்கடித்தான். நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்தேன். மோசமான வருடம்." அன்று என்னை அவர் இருபது நகர்த்தலுக்குள் முடித்துவிட்டார். சென்னைக்காரன் இவ்வளவு மோசமாக ஆடுவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு நான் போகும்போதெல்லாம் ராணியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

மார்க்கெட் தெருவிலேயே சற்று மேலே நடந்தால் அப்போது ட்விட்டரின் தலைமையகம் இருந்தது. 2011இல் நகராட்சி இந்தப் பகுதிக்கு வரும் கம்பெனிகளுக்குச் சம்பள வரியில் சலுகை கொடுத்தது. பாழடைந்த தெருவுக்கு உயிர் வரட்டும் என்று. பெரிய கம்பெனிகள் அதற்குப் பதிலாக அக்கம்பக்கத்துக்கு என்ன செய்வோம் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டும். நன்கொடை, உள்ளூர்க் கடையில் சாப்பாடு, கூடவே ஊழியர்களின் தொண்டு நேரம். அதாவது இங்கே டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தட்டு எடுத்துக் கொடுத்த இளைஞர்களில் ஒரு பகுதியினரின் கருணைக்குப் பின்னால் ஒரு வரிக் கணக்கு இருந்தது. நான் போன வருடம்தான் அந்தச் சலுகை காலாவதியானது. அதற்கு முந்தைய வருடம், 2018 நவம்பரில், பெரிய நிறுவனங்களின் வருவாயில் வரி போட்டு வீடில்லாதவர்களுக்குச் செலவிட வேண்டும் என்று ஒரு வாக்கெடுப்பு. சேல்ஸ்ஃபோர்ஸின் மார்க் பெனியாஃப் ஆதரித்தார், ட்விட்டரின் ஜாக் டோர்சி எதிர்த்தார், மக்கள் நிறைவேற்றினார்கள். வருடத்துக்குச் சுமார் 30 கோடி டாலர் வரவேண்டியது, அப்போது வழக்கில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

கம்பெனி கணக்குக்காக வருகிறவர்களைப் பற்றி அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் கொஞ்சம் ஏளனமாகவே கேட்டேன். அவருக்கு அதில் குறையில்லை. "எதற்காக வந்தால் என்ன? எப்போது வருகிறார்கள் என்பதுதான் பிரச்சினை." நன்றி தெரிவிக்கும் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வான்கோழி பரிமாற ஆள் வரிசையில் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்பே இடம் நிரம்பிவிடும்; இடமில்லை என்று திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்கிறார்கள். ஜனவரி பிறந்ததும் ஈ காக்கை இல்லை. முடி வெட்டுகிறவர் வராத புதன்கிழமையில், முடி வெட்டிக்கொண்டு நேர்காணலுக்குப் போகக் காத்திருந்தவர் திரும்பிப் போகிறார். அடுத்த வாரம் அவர் வருவதில்லை.

அவர் சொன்னதைக் கேட்ட பிறகு இந்த நகரத்தின் இன்னொரு கண்டுபிடிப்பை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன். 2004இல் கேவின் நியூசம் மேயராக இருந்தபோது தொடங்கிய ஹோம்லெஸ் கனெக்ட். ஒரே நாளில், ஒரு பெரிய அரங்கத்தில், கண் பரிசோதனை, பல் மருத்துவர், சக்கர நாற்காலி ரிப்பேர், முடிவெட்டு, சட்ட உதவி எல்லாம். ஆயிரக்கணக்கில் தன்னார்வலர்கள். ஒருவரோடு ஒருவர் கூடவே நடந்து ஒவ்வொரு மேசையாக அழைத்துப் போவார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் இதை நகலெடுத்தன. குறை சொல்ல மாட்டேன். கண்ணாடி இல்லாமல் ஒரு வருடம் இருந்தவருக்கு அன்று கண்ணாடி கிடைக்கிறது. ஆனால் திருவிழா நடத்த ஆள் கிடைப்பது எந்த ஊரிலும் கஷ்டமில்லை. நம் ஊர் அன்னதானத்துக்குக்கூடக் குறிப்பிட்ட தேதிகளுக்குத்தானே அடிதடி? சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு யார் வருவார்கள்? புனித போனிஃபஸுக்கு அண்டையில் புனித அந்தோனியார் சாப்பாட்டுக் கூடம் 1950 அக்டோபரிலிருந்து தினமும் இலவசச் சாப்பாடு போடுகிறது. எழுபது வருடத்துக்கு மேலாகச் செவ்வாய்க்கிழமைகளும் அதில் அடக்கம்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய செவ்வாயன்று அவனோடு கடைசியாகப் போனேன். மையம் இரண்டு மணிக்கு மூடுகிறது. பத்து நிமிடம் முன்னதாக விளக்கை ஒரு முறை அணைத்துப் போடுவார்கள். போன்களைச் சார்ஜரிலிருந்து உருவிக்கொண்டு, மிச்ச பிரெட்டைப் பையில் போட்டுக்கொண்டு எல்லாரும் படியேறினார்கள். நடைபாதையில் உட்காரச் சட்டப்படி இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது. கூரைவேலைக்காரர் தங்கை மகனிடம், வீட்டு அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டதாகவும், வரிசையில் மறுபடியும் சேர்த்துக்கொள்வார்களாம், கடைசியில் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் அவன் போனை எடுத்தான். அவன் மேலாளர் டிசம்பரில் மொத்தக் குழுவும் இந்த மையத்துக்கு ஒரு நாள் வரலாம் என்று ஏற்கெனவே திட்டம் போட்டிருக்கிறாள். டிசம்பர் வேண்டாம், பிப்ரவரியில் நான்கு செவ்வாய்க்கிழமை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் போதும் என்று அவன் எழுதி அனுப்பினான். வண்டி கடலுக்கடியிலுள்ள சுரங்கத்தில் நுழைந்து சிக்னல் போனது. ஓக்லாண்டில் வெளியே வந்ததும் பதில் வந்தது. யோசனை பிரமாதம், டி-ஷர்ட் அடிக்கலாமா என்று கேட்டிருந்தாள்.

"என்ன போடட்டும் மாமா?"

"பிப்ரவரியில இங்க மழைதானே? அந்தக் காசுக்குக் காலுறை வாங்கச் சொல்லு. கறுப்பு, தடிமனா. எல்லாம் ஒரே மாதிரி இருந்தா ஜோடி சேர்க்கிற வேலையும் மிச்சம்."

ஃப்ரீமாண்ட் வருவதற்குள் குழுவிலிருந்து நான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். நான்கு பேருமே முதல் செவ்வாய்க்கு. இரண்டு பேரை எப்படி மூன்றாவது வாரத்துக்குத் தள்ளுவது என்று அவன் வீடு வரும்வரை ஒவ்வொருவருக்காகச் செய்தி அடித்துக்கொண்டே வந்தான்.